பந்தியில் பரவுவதில்லை எச்.ஐ.வி.

ஆசிரியர் அவர்களுக்கு, உலக எய்ட்ஸ் தினத்தையொட்டித் தங்கள் நாளிதழில் வெளியான செய்தி, இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையை நன்கு விளக்கியிருந்தது. ஆனால், கூடப் பழகினாலே தொற்றிவிடும் என்று மற்றவர்கள் ஒதுக்குவதால், மக்களை மருத்துவமனை வாசலை மிதிக்கவே தயங்கவைக்கும் வீண் அச்சத்தைத் தொடவில்லை. எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமி, நோய் எதிர்ப்பாற்றலை வழிநடத்தும் சிடி4 வெள்ளணுக்களுக்குள் புகுந்து பெருகி, அவற்றைப் பல ஆண்டுகளில் சிறுகச் சிறுக அழிப்பதால்தான் காசநோய் போன்றவை உடலை எளிதில் பற்றுகின்றன. பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள ரத்தம், ஊசி ஆகியவற்றாலும் தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுமே தவிர, கொசுக்கடியாலோ சேர்ந்து உண்பதாலோ பரவாது. தொடர் சிகிச்சையால் ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலை நீடித்தால், உடலுறவு மூலமும் பரவாது.

இருந்தும், காரைக்குடி அருகே எங்கள் ஊரில், கல்யாண வீடுகளில் காய் நறுக்கியும் மசாலை அரைத்தும் பிழைத்த ஒரு பெண்ணை, அவர் கணவர் இந்நோயால் இறந்தார் என்று தெரிந்ததும் ஆக்குப்பறைக்குள் விடவில்லை. அவருக்கே தொற்று இருந்தாலும், அவர் நறுக்கிய காயால் எவருக்கும் அது வராது. இக்காரணத்தால் வேலை மறுப்பதோ, 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டப்படி தடைசெய்யப்பட்ட பாகுபாடு. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும், அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மைய ஆலோசகர்கள், சமையல் குழுவினரையும் மகளிர் குழுக்களையும் நேரில் சந்தித்து இதை விளக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

- வாசகர், காரைக்குடி