பாசிட்டிவ் வந்ததும் பயந்துவிடாதே

அன்புள்ள சேகர்,

கிரகப்பிரவேசப் படங்கள் வந்தன. திண்ணையை விடாமல் கட்டியிருக்கிறாய், சந்தோஷம். இங்கே என் முழங்கால் வலியைத் தவிர வேறு விசேஷமில்லை. சரி, உன் பையன் விஷயத்துக்கு வருகிறேன்.

பகலில் தூங்கி விழுகிறான் என்று எடுத்த மரபணுப் பரிசோதனையில் எச்எல்ஏ டிக்யூபி1*06:02 பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்ததுமே, பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நார்கோலெப்சி நோய்தான் என்று நீ முடிவு கட்டிவிட்டாய் போலிருக்கிறது. அந்த நோயின் முதல் வகையில், அதாவது பெரும்பாலும் சிரித்தாலோ சந்தோஷப்பட்டாலோ திடீரென்று உடல் தளர்ந்துபோகிற வகையில், 100க்கு 90 பேருக்கு மேல் இந்த அடையாளம் இருப்பது உண்மைதான். ஆனால் நன்றாகத் தூங்கி எழுகிற ஜனங்களிலும், இடத்தைப் பொறுத்து, 100க்கு 12 முதல் 30 பேர் வரை இது இருக்கிறது. நோயோ சுமார் 2,000 பேரில் ஒருவருக்குத்தான். பாங்க்கில் இருந்தவன் நீ, கணக்கைப் போட்டுப் பார். என்னைக் கேட்டால், இந்தப் பரிசோதனை நெகட்டிவாக வந்தால்தான் டாக்டருக்கு அதிகம் உதவும். முதல் வகை அநேகமாக இல்லை என்று ஒதுக்கலாம்.

மரபணுவே முழுக் காரணமாக இருந்தது சில நாய்களிடம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டோபர்மேன், லாப்ரடார் நாய்களை இதற்காகவே வளர்த்தார்கள். சாப்பாட்டைக் கண்ட சந்தோஷத்தில் கால் மடங்கி விழுந்துவிடுமாம், பாவம். ஹைபோகிரெட்டின் என்ற விழிப்பு ரசாயனத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பியின் மரபணுவில்தான் பழுது என்று 1999இல் அங்கிருந்த விஞ்ஞானி மின்யோவின் குழு கண்டுபிடித்தது. உடனே மனிதர்களிடமும் தேடினார்கள். அநேகமாக யாரிடமும் அந்தப் பழுது இல்லை! 2000இல் விடை கிடைத்தது: நோயாளிகளின் மூளையில் அந்த ரசாயனத்தைச் சுரக்கும் செல்களே அழிந்துபோயிருந்தன. நம் எதிர்ப்புச் சக்தியே அவற்றைத் தாக்குகிறது என்பதுதான் இன்று பலமான கருத்து. எதைத் தாக்க வேண்டும் என்று எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டிக்கொடுப்பதே எச்எல்ஏவின் வேலை, அதனால்தான் இந்தத் தொடர்பு. ஆனாலும் அது மட்டும் போதாது. மரபணு ஒன்றேயான, ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தாலும் மற்றவருக்குப் பெரும்பாலும் வருவதில்லை. 2009-10இல் பன்றிக்காய்ச்சலுக்காக பாண்டெம்ரிக்ஸ் தடுப்பூசி போட்ட பின் பின்லாந்திலும் ஸ்வீடனிலும் சில பிள்ளைகளுக்கு இது வந்ததே, அவர்களிடமும் இதே மரபணு இருந்தது. ஆனால் அந்த மரபணுவோடு ஊசி போட்டுக்கொண்ட மற்ற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பையனிடம் ஒன்று கேள்: விழுந்து விழுந்து சிரிக்கும்போது முழங்கால் தளர்கிறதா, தாடை தொங்குகிறதா? ஆமாம் என்றால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல். அப்புறம், எத்தனை மணிக்குப் படுக்கிறான், எழுகிறான் என்று இரண்டு வாரம் எழுதி வைக்கச் சொல். ராத்திரி இரண்டு மணி வரை போனைப் பார்ப்பவனுக்குப் பகலில் கண் சொக்காமல் என்ன செய்யும்? அதன் பிறகு இரவுத் தூக்கப் பரிசோதனையும், மறுநாள் பகலில் எவ்வளவு சீக்கிரம் தூங்குகிறான் என்று பார்க்கும் பரிசோதனையும் செய்யட்டும்.

அதுவரை பைக் சாவியை அவனிடம் கொடுக்காதே. கோபித்துக்கொண்டால் நான் சொன்னேன் என்று சொல்.

அன்புடன்,
ரவி