மாட்டுக்குப் போட்ட அதே ஊசிதான்

அன்புள்ள முருகேசா,

நேற்று ராத்திரி நீ போனில் போட்ட சத்தத்தில் என்னால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். மீனாவுக்கு 31 வாரத்திலேயே வலி எடுத்து, டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4 போடச் சொல்லியிருக்கிறார்கள். மருந்துச் சீட்டைப் பார்த்ததும் "இது நம்ம லட்சுமிக்கு நீ போட்டதாச்சே, மூணாம் நாளே கன்று வந்துடுச்சே" என்று பதறிவிட்டாய். பதறியதில் தப்பில்லை. நாள் தாண்டிப் போன சினைமாட்டுக்கு நான் போட்டது அதே மருந்துதான், கன்று ஈனட்டும் என்றுதான் போட்டேன்.

ஆனால் பெண் உடம்பில் கணக்கு வேறு. கருப்பை சுருங்காமல் பார்த்துக்கொள்வது புரோஜெஸ்டரோன் ஹார்மோன். செம்மறியில் குட்டி முதிர்ந்ததும் அதன் அட்ரினல் சுரப்பியிலிருந்து கார்டிசோல் பெருகும், அது நஞ்சுக்கொடியில் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு நொதியை எழுப்பிவிடும், அப்புறம் புரோஜெஸ்டரோன் ஈஸ்ட்ரோஜனாக மாற ஆரம்பித்து, புரோஜெஸ்டரோன் இறங்க ஈஸ்ட்ரோஜன் ஏற, வலி எடுத்துவிடும். மாட்டிலும் ஏறக்குறைய இதே கதைதான். நான் போட்ட ஊசி கன்றின் கார்டிசோல் மாதிரி வேஷம் கட்டியது, அவ்வளவுதான்.

மனித நஞ்சுக்கொடியில் அந்த நொதி கிடையாது. அதனால் எவ்வளவு ஸ்டீராய்டு போனாலும் புரோஜெஸ்டரோன் சரியாது. சினைமாட்டின் ரத்தத்தில் மில்லிக்கு 10 நானோகிராம் இருந்தாலே அதிகம். நிறைமாதப் பெண்ணிடம் 100-ஐத் தாண்டும், பிரசவ வலி வந்த பிறகும் குறையாது. வெள்ளாடு இன்னொரு தினுசு: நஞ்சுக்கொடியை நம்பாமல் கடைசி நாள்வரை சூலகத்திலிருந்தே ஹார்மோனை வாங்கிக்கொள்ளும். எலியைக் கேட்காதே, அதன் அட்ரினல் கார்டிசோலே சுரக்காது, அதற்குப் பதில் கார்ட்டிகோஸ்டிரோன் என்ற வேறொரு ஹார்மோன்தான்.

சரி, பிரசவத்தை முடுக்காது என்றால் மீனாவுக்கு எதற்கு ஊசி? பிள்ளையின் நுரையீரலுக்கு. இதுவும் செம்மறி கொடுத்ததுதான். நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், பிரசவ வலியைத் தொடங்கிவைப்பது எது என்று தேடி, வயிற்றிலிருந்த குட்டிகளுக்கு ஸ்டீராய்டு செலுத்திப் பார்த்தார். குறைமாதத்தில் பிறந்த ஒரு குட்டி, செத்திருக்க வேண்டியது, மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்தது. நுரையீரல் காற்றுப் பிடித்து விரிந்திருந்தது. தேடிப் போனது ஒன்று, கிடைத்தது வேறொன்று. அவரும் ஹோவி என்ற குழந்தை மருத்துவரும் 282 தாய்மார்களிடம் சோதித்து 1972-இல் முடிவை வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்களின் குழந்தைகளில் மூச்சுத்திணறலும் சாவும் குறைந்திருந்தன. மாட்டு டாக்டர் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் கர்வம் உண்டு, நீ சிரித்தாலும் பரவாயில்லை.

ஓரிரண்டு நாள் மீனாவுக்குச் சர்க்கரை ஏறலாம், அதைப் பார்த்துக்கொள்கிறார்களா என்று மட்டும் டாக்டரிடம் கேள். மருந்தை நிறுத்தச் சொல்லி அங்கே போய்ச் சண்டை போடாதே. மீதி 2 ஊசியும் நேரத்துக்குப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன், லட்சுமியின் கன்றுக்குக் குடற்புழு மருந்தும் எடுத்து வருகிறேன், நீ எப்படியும் கொடுத்திருக்க மாட்டாய்.

உன்,
செல்வம்