சூட்டை ஏறும் நேரத்துக்கு வைத்துக்கொள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். எழுதினால் இரண்டு தடவையாவது படிப்பாய்.

ஸ்காட்லாந்துக் கடலில் மூழ்கிக் கிடக்கும் கப்பலைப் பார்க்க டைவ் போகும்போது போட்டுக்கொள்ளப் போவதாக நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பேட்டரியில் சூடாகும் வெஸ்ட், இடுப்பில் மாட்டும் பேட்டரி டப்பா, ட்ரை சூட் என்னும் தண்ணீர் புகாத, காற்று நிரப்பும் டைவிங் உடைக்குள் போகும் வயர். நல்ல சாமான்தான். நான் கடற்படையில் டைவராக இருந்த காலத்தில் இப்படி ஒன்று எங்கள் கண்ணில் பட்டதில்லை. வடகடல் எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்க்கும் டைவர்களுக்கு மேலிருந்து குழாய் வழியாக வெந்நீர் விடுவார்கள் என்று கொச்சியில் பயிற்சி வகுப்பில் கேட்டதோடு சரி. தண்ணீர் நம் உடம்புச் சூட்டைக் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். 8 டிகிரித் தண்ணீரில் நீ நடுங்காமல் இருப்பாய் என்றால் எனக்கும் அம்மாவுக்கும் நிம்மதிதான்.

ஆனால் "இறங்கும்போதே ஆன் பண்ணிவிடுவேன், மேலே வரும்வரை ஓடும்" என்றாயே, அப்போதுதான் எனக்குத் திக்கென்றது.

அமெரிக்கக் கடற்படையின் டைவிங் ஆய்வுப் பிரிவு 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. தண்ணீர் நிரப்பிய அழுத்த அறையில் டைவர்களை 120 அடி ஆழத்துக்குச் சமமாக இறக்கினார்கள். அடியில் 36 டிகிரிச் சூட்டில் இருந்துவிட்டு, 27 டிகிரியில் ஏறியவர்களுக்கு, அடியில் 30 நிமிடம் மட்டுமே இருந்தும், நூற்றுக்கு 22 டைவில் பெண்ட்ஸ், அதாவது உடம்பில் கரைந்த நைட்ரஜன் ஏறும்போது குமிழியாகி வரும் நோய், வந்தது. அடியில் 27, ஏறும்போது 36 என்று மாற்றியபோது, 70 நிமிடம் இருந்தும் 158 டைவில் இரண்டு தடவைதான் வந்தது. ஏறுவதற்கு எடுத்த நேரம் இரண்டிலும் ஒன்றே. அவர்கள் குளிர் என்று வைத்த அந்த 27 டிகிரி நம் தூத்துக்குடிக் கடலின் சூடு, பாப்பா. அந்தச் சின்ன வித்தியாசமே இவ்வளவு செய்கிறது.

காரணம் உனக்குத் தெரியாததல்ல. உடம்பு சூடாக இருந்தால் ரத்தக் குழாய்கள் விரிந்து நைட்ரஜனை அள்ளி அள்ளி உள்ளே கொண்டுபோகும். ஏறும்போது குளிர்ந்தால் அதே குழாய்கள் சுருங்கி, உள்ளே போனதை வெளியே விடாது. உன் கையில் கட்டியிருக்கும் கம்ப்யூட்டருக்கு ஆழமும் நேரமும் தெரியும். உன் தோல் சூடாக இருந்ததா, குளிர்ந்து கிடந்ததா என்று அதற்குத் தெரியாது.

இப்போது நீ சொன்ன திட்டத்தை யோசித்துப் பார். அடியில் சுகமாக, கதகதப்பாக இருக்கிறாய். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். ஏறும் வழியில் நைட்ரஜன் வெளியேறுவதற்காக ஸ்டாப்பில் நிற்கும்போது சரியாக அது அணைந்துபோகிறது. அந்த ஆய்வில் மோசமாகப் போன பாதி அதேதான்.

அதனால் அடியில் வெஸ்ட் அணைந்தே இருக்கட்டும். விரல் மரத்துப்போகிற அளவுக்குக் குளிரைத் தாங்கு என்று சொல்லவில்லை, அதுவும் ஆபத்துதான். உள்ளே போடும் உடையைக் கனமாகப் போடு, வெஸ்ட் என்று ஒன்று இல்லவே இல்லை என்று நினைத்துக்கொண்டு போடு. ஏறத் தொடங்கும்போது குறைந்த சூட்டில் ஆன் பண்ணு. மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது, எடுத்த எடுப்பில் முழுச் சூடு வேண்டாம். பேட்டரியை ட்ரை சூட்டுக்கு வெளியே வைத்திருப்பது நல்லது, கோளாறு வந்தால் கழற்றிவிடலாம். ஆக்ஸிஜன் கூடுதலான கலவையை ட்ரை சூட்டுக்குள் நிரப்பாதே, மின்சாரம் ஓடும் இடம் அது. மேலே வந்தவுடன் வெந்நீர்க் குளியலுக்கும் ஓடாதே.

பெரியப்பாவைப் பார்த்து வளர்ந்தவள் நீ. அவர் சங்கு குளிக்கப் போன அன்று கடலில் குளிர் ஏது? ஒரே நாளில் திரும்பத் திரும்ப இறங்கினார். படகில் ஏறி ஒரு டீ குடித்த பிறகுதான் கால் மரத்தது. பெண்ட்ஸுக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க மறுநாள் ஆகிவிட்டது. இன்றைக்கும் கம்பு ஊன்றித்தான் கோயிலுக்குப் போகிறார். உன் பயணத்தைப் பற்றிச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எத்தனை பாகம் ஆழம்?" என்று மட்டும் கேட்டார்.

45 மீட்டர் என்றேன். ஸ்காட்லாந்தின் வடக்கே ஸ்காபா ஃப்ளோவில் மார்க்கிராஃப் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் அவ்வளவு ஆழத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. 1919 ஜூன் 21-இல் ஜெர்மானியர்கள் தங்கள் கப்பல்களைத் தாங்களே மூழ்கடித்த கதையை நீ எனக்குச் சொன்னபோது உன் குரலில் இருந்த துள்ளல் இன்னும் காதில் இருக்கிறது. நீ அதைப் பார்க்க வேண்டும், பார்க்காதே என்று நான் சொல்லவே மாட்டேன். நூறு வருஷமாக அங்கேயே கிடக்கிற கப்பல், இன்னும் ஒரு மாதம் உனக்காகக் காத்திருக்கும்.

அதற்குள் ஒன்று செய். அபர்டீன் பக்கத்திலேயே, 10 மீட்டருக்குள், வெஸ்ட்டைப் போட்டுக்கொண்டு ஆன் பண்ணாமல் இறங்கு. மார்க்கிராஃபுக்கு மொத்தம் எவ்வளவு நேரம் கணக்கு வைத்திருக்கிறாயோ அவ்வளவு நேரம் இரு. கை நடுங்கியதா, சுவிட்சைக் கையுறையோடு அழுத்த முடிந்ததா, எல்லாவற்றையும் எனக்கு எழுது. அதைப் படித்த பிறகு மார்க்கிராஃபுக்கு எந்தத் தேதி என்று பேசுவோம்.

அன்புடன்,
அப்பா