மச்சினன் போட்ட தெரு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் குரல்பதிவை மூன்று தடவை கேட்டேன். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே கணக்கு வாத்தியார் கதைக்குப் போய்விடுவோம், அதனால்தான் இந்தக் கடிதம். என் மூட்டுவலி பரவாயில்லை. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள், வீட்டில் ஒரு பாத்திரம் வைத்த இடத்தில் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த ஊராட்சித் தேர்தலில் நிற்கலாமா, சிமெண்ட் கடையைப் பையன் பெயருக்கு மாற்றிவிட்டால் போதுமா என்று கேட்கிறாய். 1994-ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியோடு நடப்பில் இருக்கும் ஒப்பந்தத்தில் பங்கு உள்ளவர் உறுப்பினராக நிற்க முடியாது. ஜெயித்த பிறகு ஒப்பந்தம் எடுத்தாலும் பதவிக்கு ஆபத்து. பையன் பெயரில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வக்கீல் ஏதாவது வழி சொல்வார். நீ வக்கீலை விட்டுவிட்டு, ஐந்து வருஷம் துணைத் தலைவராக இருந்த என்னிடம் கேட்டிருக்கிறாய். அதனால் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

2022-இல் எங்கள் தெருவுக்குப் பேவர் பிளாக் போட்டோம். எடுத்துச் செய்தது என் மச்சினன், வீட்டுக்காரியின் தம்பி. மூன்று கொட்டேஷன் வந்தது, அவனுடையதுதான் குறைந்த விலை. மற்ற இரண்டையும் யார் எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை! உனக்குத்தான் தெரியுமே, ஊராட்சியில் பணம் வெளியே போக வேண்டுமானால் தலைவர் மட்டும் போதாது, துணைத் தலைவர் கையெழுத்தும் வேண்டும். அதை வைத்தே பங்கு கேட்டு இழுத்தடிக்கிற துணைத் தலைவர்கள் எத்தனையோ பேர். நான் அப்படி இல்லை என்று எனக்கு ஒரு பெருமை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன், ஒரு ரூபாய் வாங்கவில்லை.

வேலையும் மோசமில்லை. பையன் ஒழுங்காகத்தான் போட்டிருந்தான். அடுத்த மழையில் கோடி வீட்டு வாசலில் நாலு கல் உள்ளே இறங்கிவிட்டது, அவ்வளவுதான். அந்த வீட்டுப் பாட்டி குடத்தோடு அதில் தடுக்கி விழுந்து, ஒரு மாதம் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு இருந்தாள். தண்ணீர் வரவில்லை, லைட் எரியவில்லை என்று வாரம் இரண்டு தடவை என்னைத் திட்டுகிறவள், இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானே போய்க் கேட்டேன். "உங்க மச்சான் போட்ட ரோடு, உங்ககிட்டயே எப்படிப்பா குறை சொல்றது?" என்றாள்.

மாப்பிள்ளை, அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. காசு வாங்கினால்தான் தப்பு என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். தீர்மானம் வந்த அன்றே எழுந்து, "இது என் மச்சினன் சம்பந்தப்பட்டது, நான் விலகிக்கொள்கிறேன்" என்று தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. வீட்டுக்குள் என்ன பேச்சு கிளம்பும் என்ற பயம். அதற்கப்புறம் கிராம சபை எத்தனையோ நடந்தது, அந்தத் தெருவைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் இல்லை.

போன மாதம் காஞ்சிபுரம் பக்கம் ஒரு கல்யாணம். திரும்பும்போது உத்திரமேரூரில் இறங்கி அந்தக் கல்வெட்டைப் பார்த்தோம். முதலாம் பராந்தகன் காலத்தது, 919-இலும் 921-இலும் வெட்டியது. ஊர்ச் சபைக்குக் குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுக்கும் குடவோலை என்று பரீட்சைக்குப் படித்ததோடு சரி, உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்கு யார் சொன்னார்கள்? மகள் போனில் எடுத்துப் படித்துக் காட்டினாள். வாரியத்தில், அதாவது அந்தச் சபையின் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. அது மட்டுமா, அவன் உறவுக்காரர்களுக்கும் தடை. யார் யார் என்று ஒவ்வொரு உறவாகச் சொல்லிக்கொண்டே போகிறான்: சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், பெண் கொடுத்த மாமனார், மருமகன், அக்கா தங்கையைக் கட்டியவன். நடுவில் "மனைவியோடு உடன்பிறந்தவன்" என்று வந்ததும் மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

அந்தச் சபையை ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். பிராமணர் சபை அது. நிலமும் வேதமும் இல்லாத நீயும் நானும் வாசலைக்கூட நெருங்கியிருக்க மாட்டோம். ஆனால் ஊர்ப் பணம் எந்த வழியாக வீட்டுக்குள் வரும் என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. தேன் எடுத்தவன் புறங்கையை நக்குவான் என்று நாம் சிரித்துவிட்டுப் போகிறோம். அவர்கள் அவன் மச்சினன் கையையும் பார்த்திருக்கிறார்கள்.

உன்னை நிற்காதே என்று சொல்ல மாட்டேன். எங்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, ஊராட்சி தனி அலுவலர் கைக்குப் போனபோது, ஒரு குழாய் ரிப்பேருக்கு யாரைப் போய்ப் பார்ப்பது என்று ஜனங்கள் பட்ட பாட்டைப் பார்த்தேன். உன்னை மாதிரி ஆள் வேண்டும். ஆனால் கடை விஷயத்தில் ஒன்று. நீ யாரிடமும் கேட்கவே மாட்டாய், தெரியும். காண்ட்ராக்டர் தானாக வந்து உன் கடையில்தான் மூட்டை எடுப்பார். பணம் ரொக்கமாகத் தருவார், விலை பேச மாட்டார். அவரை உன் பையன் திருப்பி அனுப்ப வேண்டும், ஐந்து வருஷமும். வியாபாரம் அதைத் தாங்குமா என்று உட்கார்ந்து கணக்குப் போடு. தங்கச்சியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடு, அப்புறம் எனக்கு நடந்த மாதிரி ஆகக் கூடாது.

கோடி வீட்டு வாசலில் அந்த நாலு கல்லையும் போன வாரம் நானே பெயர்த்து, இரண்டு சட்டி மணல் போட்டு நிரவி வைத்தேன். பாட்டி திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மச்சினன் அந்தப் பக்கமாக பைக்கில் போனான், அவனும் நிற்கவில்லை. பொங்கலுக்கு வரும்போது நீயே பார், மழைக்குத் தாங்கியிருக்கிறதா என்று.

உன் மச்சான்

(எழுதிய பிறகுதான் தோன்றியது. நாம் கூப்பிட்டுக்கொள்கிற முறையை அந்தக் கல்வெட்டுக்காரன் கேட்டால், ஒரே வாரியத்தில் இரண்டு பேரையும் உட்கார விடமாட்டான்.)