சனிக்கிழமை நடன வகுப்பைப் பள்ளியே ஏற்று நடத்தக் கோரி மூன்றாவது மனு

ஈசூன், சிங்கப்பூர்
ஜூலை 21

பெறுநர்: எங்கள் வட்டாரப் பள்ளிகளுக்குப் பொறுப்பான கண்காணிப்பாளர் அவர்கள்

அனுப்புநர்: இந்திய நடனக் குழு மாணவியரின் பெற்றோர் 11 பேர்

பொருள்: பாதியாகக் குறைந்த நடனப் பயிற்சியும் அதனால் எங்கள் தலையில் விழுந்த செலவும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பிப்ரவரியில் ஒரு கடிதம் அனுப்பினோம், 'கிடைக்கப்பெற்றோம்' என்று தானாக வரும் மின்னஞ்சல் ஒன்று வந்தது. ஏப்ரலில் எழுதியதற்கு அதுவும் வரவில்லை. நடுவில் நாடாளுமன்ற உறுப்பினர் மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சிக்குப் போய் வரிசை எண் வாங்கி, இரவு பத்தரை வரை உட்கார்ந்திருந்து, தொண்டூழியர் ஒருவர் தட்டச்சு செய்து கொடுத்த கடிதமும் தங்கள் மேசைக்கு வந்திருக்கும். தங்களுக்கு வேலைப்பளு அதிகம் என்பது தெரியும். ஆகவே மறுபடியும் பணிவோடு எழுதுகிறோம்.

ஈசூன் தங்களுக்குப் புதிதல்ல. பங்குனி உத்திரத்தன்று புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்துக்குக் காவடி பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் எங்கள் தெருக்கள் அத்துப்படி. பள்ளி எது என்பதும் பழைய கடிதங்களிலேயே இருக்கிறது, இங்கே மறுபடி எழுதவில்லை.

1. செவ்வாய், வெள்ளி என்று வாரம் இருமுறை இருந்த பயிற்சி ஜனவரியிலிருந்து செவ்வாய் மட்டும்தான். ஆசிரியையின் ஒப்பந்த நேரம் பாதியாகிவிட்டது. செலவைக் குறைக்க வேண்டியிருக்கிறது, குழுவில் பிள்ளைகளும் குறைவு என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னார்கள்.

2. சிக்கனம் வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. 2017 வரவுசெலவுத் திட்டத்தில் எல்லா அமைச்சுகளின் செலவு வரம்பையும் 2 விழுக்காடு குறைத்ததைச் செய்தியில் பார்த்தவர்கள்தான் நாங்கள். பொருள், சேவை வரி 2023இல் 8, 2024இல் 9 விழுக்காடு என்று ஏறியபோது எங்கள் வீடுகளிலும் கணக்குப் பார்த்துத்தான் செலவழித்தோம். ஆனால் வீட்டில் செலவைக் குறைக்கும்போது பிள்ளை தட்டிலிருந்து தொடங்க மாட்டோம்.

3. சிங்கப்பூர் இளையர் விழாவுக்கு வாரம் ஒரு நாள் போதாது என்று ஆசிரியையே சொல்லிவிட்டார். ஆகவே 12 பெற்றோர் சேர்ந்து அவரையே சனிக்கிழமை வரச் சொன்னோம். ஒரு வகுப்புக்கு 120 வெள்ளி (டாலர்), தலைக்கு 10, மாதம் 40. பள்ளியின் நடன அறையைக் கேட்டோம். பொறுப்பாசிரியர் இல்லாமல் திறக்க முடியாது, சனிக்கிழமை யாரும் இல்லை என்றார்கள். சமூக மன்ற அறைக்கு வாடகை கட்ட முடியாது. கடைசியில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துத் திறந்த இடமான வாய்ட் டெக்தான் கிடைத்தது. பூட்டிக் கிடக்கும் அறையில் மரத்தளம், இங்கே வெறும் சிமெண்டு. தட்டடவு முடித்து வரும் பிள்ளைக்குக் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை கோடாலித் தைலம் தேய்க்கிறேன். சலங்கைச் சத்தம் தூங்க விடவில்லை என்று இரண்டாம் மாடியிலிருந்து புகார் வந்தது (அவரைக் குறை சொல்ல முடியாது, இரவு வேலை முடித்து வருகிறவர்). அதிலிருந்து சலங்கை கட்டுவதில்லை. கால் தப்பினால் காதுக்குத் தெரிய வேண்டாமா என்று ஆசிரியை தலையில் கை வைத்துக்கொள்கிறார்.

4. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வோம். எங்களால் பொறுக்க முடியாதது அந்தப் பன்னிரண்டாவது பிள்ளையின் விஷயம். உயர்நிலை மூன்றில் படிக்கிறாள், முன்வரிசையில் ஆடுகிறவள். அம்மா ஒருவர் சம்பளம்தான், கீழே இரண்டு தம்பிகள். மார்ச்சில் இரண்டு வாரம் வந்தாள். பிறகு பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று நின்றுவிட்டாள். பரீட்சை முடிந்தது, ஜூன் விடுமுறையும் முடிந்தது. ஒரு சனிக்கிழமை பார்க்கிறேன், சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசையில் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்து உட்கார்ந்திருக்கிறாள். ஒன்றரை மணி நேரம் அதே பக்கம். மேசைக்குக் கீழே குதிகால் மட்டும் தாளத்துக்குத் தட்டிக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து வாராவாரம் அதே இடத்தில் வந்து உட்காருகிறாள்.

நாங்கள் கட்டுகிறோம் என்றோம். "அடுத்த மாசமும் நீங்களே கட்டுவீங்களாக்கா? அதுக்கு அடுத்த மாசம்?" என்று அவள் அம்மா கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. காசே வேண்டாம், வா என்று ஆசிரியை கூப்பிட்டார், பிள்ளை வர மாட்டேன் என்றுவிட்டாள். பதினைந்து வயதில் ரோஷம் இருக்காதா ஐயா? இப்போது 11 பேரிடம் 110 வெள்ளி வாங்கிக்கொண்டு மீதிப் பத்தை ஆசிரியை தன் கணக்கில் எழுதிக்கொள்கிறார்.

அந்தப் பிள்ளைக்கு நிதி உதவித் திட்டம் உண்டு. பள்ளிக் கட்டணம், பாடநூல், சீருடை, பள்ளிச் சாப்பாடு, போக்குவரத்து எல்லாவற்றுக்கும் உதவி கிடைக்கிறது, அதற்கு நன்றி. சனிக்கிழமை வகுப்பு பள்ளியின் வகுப்பு இல்லை, ஆகவே அதில் சேராது. எடுசேவ் என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் உயர்நிலைப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 290 வெள்ளி அரசாங்கமே போடுகிறது. பள்ளி நடத்துகிற நிகழ்ச்சிக்கு அதிலிருந்து எடுக்கலாம், நாங்கள் வாய்ட் டெக்கில் நடத்துவதற்கு எடுக்க முடியாது. அவள் பெயரில் பணம் இருக்கிறது. ஆசிரியை இருக்கிறார். மரத்தளம் போட்ட அறை இருக்கிறது. பிள்ளை கல்மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். இது என்ன கணக்கு என்று யாராவது எங்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள்.

5. உயர்நிலைப் பள்ளியில் நடனம் போன்ற ஓர் இணைப்பாட நடவடிக்கை கட்டாயம் என்பது உங்கள் விதி. வருகை 75 விழுக்காடு வேண்டும், நல்ல நிலை எடுத்தால் தொடக்கக் கல்லூரிக்கோ பலதுறைத் தொழிற்கல்லூரிக்கோ போகும்போது 2 புள்ளி வரை சலுகை உண்டு என்பதும் நீங்கள் வகுத்ததுதான். கட்டாயம் என்று சொல்லிவிட்டுப் பாதிச் செலவை எங்கள் பக்கம் தள்ளினால் எப்படி? தொலைபேசியில் ஒருவர், "வேறு நடவடிக்கைக்கு மாறிக்கொள்ளலாமே" என்றார். மூன்று வருடம் அரைமண்டியில் இருந்து பழகிய பிள்ளையை எங்கே மாறச் சொல்கிறீர்கள்? ரோபோட்டிக்ஸுக்கா?

6. பதில் போடுங்கள் ஐயா. முடியாது என்றால் முடியாது என்றாவது எழுதுங்கள்.

வார்த்தை கூடியிருந்தால் மன்னிக்க வேண்டும். நாங்கள் கேட்பது பெரிய தொகை அல்ல. வெள்ளிக்கிழமைப் பயிற்சியைத் திருப்பித் தர வேண்டும். இவ்வாண்டு அதற்கு வழியில்லை என்றால், சனிக்கிழமை வகுப்பைப் பள்ளி நிகழ்ச்சியாக ஏற்று, நடன அறையைத் திறந்துவிட்டு, கட்டணத்தை எடுசேவ் கணக்கிலிருந்து செலுத்த அனுமதிக்க வேண்டும். அறையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதுதான் தடை என்றால் பெற்றோர் நாங்கள் முறை வைத்து உட்காருகிறோம். கூட்டிப் பெருக்கிப் பூட்டிச் சாவியைப் பாதுகாவலரிடம் கொடுத்துவிட்டுப் போகிறோம். தயவுசெய்து அந்த அறையைத் திறந்துவிடுங்கள் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.

வரும் சனிக்கிழமையும் காலை 9 மணிக்கு வாய்ட் டெக்கில்தான் இருப்போம். புளோக் எண் முதல் கடிதத்திலேயே இருக்கிறது. நேரம் கிடைத்தால் தாங்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். கல்மேசை தூணுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
பெற்றோர் 11 பேர் சார்பாக,
ஒரு மாணவியின் தாய்