பத்து நிமிடப் பார்வையாளர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பொருநை (தாமிரபரணி) கரைத் தொல்லியல் பற்றி வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நடுவில் ஒரு வரி: 'உள்ளூர்க்காரர்கள் காட்சியகங்களைப் பத்து நிமிடத்தில் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.' எழுதியவர் சென்னையிலிருந்து காரில் வந்திருப்பார் போல. சந்தோஷம்.

நாங்கள் எதைப் பார்ப்பது ஐயா? 1876-இல் ஜெர்மன்காரர் ஜாகோர், பழைய இடுகாடான ஆதிச்சநல்லூரில் தோண்டியது பெர்லினுக்குப் போனது. அப்புறம் அலெக்சாண்டர் ரீ எடுத்த பொன் நெற்றிப்பட்டமும் வெண்கலச் சாமான்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. 2004-இல் தோண்டியதற்கு அறிக்கை கேட்டு உயர்நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. உங்களுக்குத் தெரியாததா? தாழிகள் புதைந்த அந்த மேட்டை, எங்கள் பேச்சில் பரம்பை, அறுத்துக்கொண்டு போகும் திருச்செந்தூர் சாலையில்தான் தினமும் பஸ்ஸில் போய் வருகிறோம். எங்களுக்குத்தான் ஆர்வம் இல்லையாம்! உங்கள் இதழுக்கும் நெல்லை என்றால் அல்வா, இல்லாவிட்டால் அரிவாள்.

நான் ரைஸ் மில்லில் கணக்கு எழுதி ஓய்ந்தவன். பக்கத்துச் சிவகளையில், இறந்தவர்களைப் புதைத்த தாழியில் கிடைத்த நெல்லுக்குக் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் சட்டமன்றத்தில் அறிவித்ததிலிருந்து, பழைய நெல் எங்கே இருந்தாலும் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. நம் பக்கத்துக் காட்சியகம் ஒன்றுக்கு வீட்டம்மாவோடு போனேன். (பெயர் வேண்டாம், அங்கே வேலை பார்ப்பவர்கள் பாவம்.) கண்ணாடிக்குள் ஒரு சிட்டிகை கருகிய நெல். முழங்கால் உயரத்தில் எறும்பு எழுத்தில் ஒரு சீட்டு: 'தானியம்'. அவ்வளவுதான். எந்த ஊர்த் தாழி, எந்த வருஷம் எடுத்தது, நீள ரகமா, குட்டை ரகமா, மூச்சு இல்லை. குனிந்து படித்து நிமிர்வதற்குள் முதுகு பிடித்துக்கொண்டது. அங்கிருந்த காவலரிடம் கேட்டேன். "பாத்தாச்சுல்லா, நகருங்க அண்ணாச்சி" என்றார். மூட்டுவலிக்காரியான வீட்டம்மா உட்கார இடம் தேடி, கடைசியில் வாசல் படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். நானும் வெளியே வந்துவிட்டேன். கட்டுரையாளரின் பத்து நிமிடக் கணக்கு சரிதான், மறுக்கவில்லை.

அவர் வருத்தம் தெரிவிக்க வேண்டாம். இனிமேல் இப்படிக் கட்டுரை போடும்போது, வார விடுமுறை எந்தக் கிழமை, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். அதிகாரிகள் யாராவது உங்கள் இதழைப் படித்தால், கூடத்துக்கு ஒரு பெஞ்சு போடச் சொல்லுங்கள். முதுகு சாய்க்கிற மாதிரி இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
ஸ்ரீவைகுண்டம்.