எல்லாமே கடத்தல் பொருளா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரை வட்டாரச் செய்திகளில் கஞ்சா, ரேஷன் அரிசி, விமான நிலையத்தில் பிடிபடும் தங்கம் ஆகிய மூன்றையும் ‘கடத்தல் பொருள்’ என்ற ஒரே சொல்லில் அடைப்பது சரியாகப் படவில்லை. கஞ்சாவைக் கையில் வைத்திருப்பதே 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி குற்றம்; ரேஷன் அரிசியோ, கார்டுதாரர் வீட்டு உலையில் வெந்தால் வெறும் சோறு, மூட்டை மூட்டையாகக் கள்ளத்தனமாக லாரியில் ஏறும்போதுதான் 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தில் சிக்குகிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடைசெய்யப்பட்டும், காய்கறிக் கடைகளில் கேட்காமலேயே கிடைக்கும் பிளாஸ்டிக் பையை (வேடிக்கைதான்) யாரும் அப்படி அழைப்பதில்லை. பொருளுக்கே தடை என்றால் ‘தடைசெய்யப்பட்ட பொருள்’ என்றும், கொண்டுபோன வழி தவறென்றால் ‘கடத்தப்பட்ட பொருள்’ என்றும் தலைப்பிலேயே பிரித்து எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
செல்லூர், மதுரை.